கடைசித் தாள்

லாபிஸ் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில்
கால் ஆடும் மேசை;
மைலோ அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
தகரக் கூரையில் மழை. மைக் எடுபடவில்லை.
புத்தகம் பன்னிரண்டு வெள்ளி. விற்றது நாலு.
வரிசையோ வாசல் தாண்டி.
கையெழுத்துக்குக் கணக்கு நோட்டு,
பஸ் டிக்கெட்,
மாவுக்கட்டுப் போட்ட ஒரு முழங்கை.
"பெருசா போடுங்க டீச்சர்."
நான் டீச்சர் இல்லை. சொல்லிப் பார்த்தேன்.

நான்காம் ஆண்டு ஹேமரூபன்
நூலக முத்திரை குத்திய பிரதியை நீட்டினான்.
கடைசித் தாளைக் காணோம்.
"உடும்பு ரோட்டத் தாண்டிப் போயிருச்சுதானே?
மூணாங்கட்டை செம்பனையில பாத்தேன்.
வால்ல அதே வெட்டு."

கிழிந்துபோன தாளில்
லோரி வரும்.
அந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது.
பெரியவர்கள் பாராட்டினார்கள்.

"தனியாவா இருந்துச்சு?"
"இல்ல. ரெண்டு."
அவன் பெயருக்குக் கீழே
இரண்டு வால் வரைந்தேன்,
ஒன்றில் வெட்டு.

மழை விட்ட இடைவெளியில் தலைமையாசிரியர்:
"எழுத்தாளர் நம்ம நூலகத்துக்கு
அஞ்சு புதுப் பிரதி அன்பளிப்பா..."
கைதட்டல். அவனும் தட்டினான்.

பெட்டியைக் காலால்
மேசைக்கடியில் இன்னும் கொஞ்சம்
உள்ளே தள்ளினேன்.