ஆட்டு முடிச்சு

தாழ்மையைப் பற்றிப் பதினான்கு பக்கம்
எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.
கிரேக்கச் சொல் மூன்று,
ஸோம்பாவில் படித்தபோது அடிக்கோடிட்ட மேற்கோள் ஆறு,
எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி
மௌனமாக நிற்க வேண்டும் என்பதற்கு
ஓரத்தில் பென்சில் குறி.

முதல் பக்கம் முடியவில்லை.
மலாவி ஏரியிலிருந்து எழுந்துவந்த மழை
தகரக் கூரைமேல் விழுந்தது.
விழுந்தது என்பது போதாது.
ஊர் மொத்தமும் கூரையில் ஏறி
மக்காச்சோளத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டியது.

கத்தினேன்.
என் குரல் என் காதுக்கே வரவில்லை.
மூப்பர் நியிரெண்டா மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார்;
வெயில் நாளிலும் அவருக்குக் காது கேட்காது.
பெண்களின் கண் சன்னலில்:
பரணில் காயப்போட்ட உசிப்பா மீன்
நனைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் முன்பாயிலிருந்து
தவோங்கா எழுந்து வந்தாள்.
ஏழு வயது, முன்பல் இல்லை.
என் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.
வலது காலணியின் கயிறு அறுந்து தொங்கியிருக்கிறது.
பதினான்கு பக்க உயரத்திலிருந்து
கால் தெரியாது.

பாவாடைப் பையிலிருந்து நீல வலைநூல் எடுத்தாள்.
நாக்கைக் கடித்தபடி இரண்டு துளையில் கோத்து
தனக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டாள்.
இழுத்துப் பார்த்தாள்.
கட்டிய ஆட்டைத் தட்டுவதுபோல்
காலணியை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த நேரம் எனக்கு வந்த எண்ணத்தை
ஒளிக்காமல் சொல்கிறேன்:
அடுத்த பிரசங்கத்துக்கு
நல்ல உதாரணம்.

மழை ஓய்ந்தபோது
பிரசங்கம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஜெபிக்க யாருக்காவது விருப்பமா என்றேன்.
அவள்தான்.

"அப்பா,
எங்க ஆடு சினையா இல்லையான்னு
இங்க யாருக்கும் தெரியல.
உனக்குத் தெரியும்.
சினைன்னா பத்திரமா பாத்துக்கோ.
இல்லைன்னா பரவாயில்ல.
ஆமென்."

என் ஜெபங்களுக்கு முகவுரை உண்டு,
முடிவுரை உண்டு, நடுவே
அவருக்கே அவரை அறிமுகம் செய்யும் பகுதியும் உண்டு.
இருபத்திரண்டு வருட ஊழியத்தில்
"பரவாயில்லை" என்று ஒருநாளும்
நான் அவரிடம் சொன்னதில்லை.

இரவு முடிச்சு அவிழவில்லை.
நகம், பல், முள்கரண்டி.
நனைந்து காய்ந்து கல்லாகியிருந்தது.
எலெஸ்டீனா கத்தியை நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
வாரை அவிழ்க்கும் தகுதி பற்றி
யோர்தான் கரையில் ஒருவர் சொன்னது
நினைவுக்கு வந்தது.
குறித்துவைக்கப் பென்சில் தேடினேன்.
பாதித் தேடலில்
விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன்.

மூன்று மாதமாகக் கரண்டிக் காம்பை வைத்துத்தான்
அந்தக் காலணிக்குள் நுழைகிறேன்.
குதிகால் கொஞ்சம் உரியும்.

ம்ஸூஸுவில் போதகர் கூட்டம்.
செயலாளரின் பார்வை
மெருகிட்ட கறுப்புத் தோலில் இறங்கி
நீல நூலில் நின்றது.
"என்ன இது, ரெவரெண்ட் கோண்ட்வே?"

என்னிடம் அழகான பதில் இரண்டு இருந்தது,
ஒன்றில் கிரேக்கமும் உண்டு.

"ஆடு குட்டி போட்டுவிட்டது ஐயா,"
என்றேன்.
"இரண்டு.
ஒன்றுக்குக் காது மட்டும் வெள்ளை."