உதிரிகள்

ஸ்கோர் புத்தகம் என் பொறுப்பு.
கிழமை நாட்களில் கொழுந்து நிறுவை எழுதும்
அதே நீலப் பேனாதான்
ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எழுதுகிறது.
நிறுவையிலே சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
இங்கே கழிக்க வழியில்லை.
வீசினது வீசினதுதான்.

முதல் ஆட்டத்தில்
எதிரணிக்கு அதிக ஓட்டம் எடுத்துக் கொடுத்தவர் பெயர்
உதிரிகள்.
நாற்பத்தொன்று, ஆட்டமிழக்காமல்.
அதில் வைட் மட்டும் இருபத்தொன்பது.
மட்டையை ஊன்றுகோலாக்கி நின்றபடியே
ஜெயித்துவிட்டு லொறி ஏறினார்கள்.

சுகிர்தராஜ் புறக்கோட்டைக்குப் போய்விட்டான்.
புடவைக் கடையின் இரண்டாம் மாடியிலிருந்து
லொறிக்குள்ளே துணிக்கட்டு எறிகிறானாம்.
நாளைக்கு இருநூறு கட்டு,
ஒன்றுகூட வெளியே விழுந்ததில்லை என்று
முதலாளி மெச்சினாராம்.
போனில் கேட்டேன், ஒரே ஒரு ஞாயிறு வாயேன் என்று.
தீபாவளிக்குத்தான் லீவு என்றான்.
தொடர் ஆடியிலேயே முடிந்துவிடும்.

நிரோஜனுக்கு வேகம் இருக்கிறது,
திசை இல்லை.
அவன் ஓடிவரத் தொடங்கினால்
பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள்
வெறுங்குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள்.
அல்போன்ஸ் இடக்கைச் சுழல்.
கவ்வாத்துக் கத்தி பெருவிரலைப் பதம் பார்த்ததிலிருந்து
பந்து திரும்புவதில்லை.
அவன்தான் ஒவ்வொரு சிக்ஸருக்கும்
திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கிறான்,
நான் ஏதோ குறைத்து எழுதிவிடுவேன் என்பதுபோல.
மற்றவர்களைப் பற்றி
புத்தகத்திலேயே இருக்கிறது.

தலைவர் விமலேஸ்வரன் விடவில்லை.
வேலை விட்டதும் ஸ்டோர் ரோட்டில் பயிற்சி,
ஸ்டம்புக்குப் பதில் ஒரு டர்பன்டைன் கட்டை.
ஆறு பந்தில் மூன்று பட்டால் ஒரு சோடா.
பிறகு இரண்டு பட்டால் போதும் என்றார்.
சோடா இன்னும் கொந்தரப்புச் சாமான் அறையில்
மூடி திறக்காமல் நிற்கிறது.
போன மாதத்தோடு திகதியும் தாண்டிவிட்டது.

நாலாவது ஆட்டம் மேற்கணக்கோடு.
ஐந்து ஓவரில் எழுபத்திரண்டு.
நான் பேனாவை உதறி உதறி எழுதிக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது
மூடுபனி,
பிரட்டுக்குப் பிந்தின ஆள் மாதிரி
ஒருவர் முகத்தையும் பார்க்காமல்.
முதலில் எல்லைக்கொடி போனது.
பிறகு நிரோஜன் ஓடத் தொடங்கும் இடம்.
பிறகு நிரோஜன்.

கால்சத்தம் வந்தது.
கட்டை விழுந்த சத்தம் வந்தது.
கடைசியாகத்தான் ஆள் வந்தான்,
என்னடா நடந்தது என்று கேட்டுக்கொண்டு.
அடுத்த பந்திலும் அதே சத்தம்.
மூன்றாவது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.
காணாத பந்தை வைட் என்று எப்படிச் சொல்வது,
அம்பயர் கையை விரித்தார்,
விரித்த கையும் தெரியவில்லை.
ஆட்டம் கைவிடப்பட்டது. தலா ஒரு புள்ளி.

ஒரு புள்ளி!
பையன்கள் ஒருவரையொருவர் தடவித் தேடிக் கட்டிப்பிடித்தார்கள்.
அதில் இரண்டு பேர் மேற்கணக்கு ஆட்கள்
என்பது பிறகுதான் தெரிந்தது.

பந்து வீசியவர்கள் பட்டியலில்
ஆறாவது வரி காலியாக இருந்தது.
'மூடுபனி' என்று எழுதினேன்.
ஐந்து ஓவர், ஓட்டம் இல்லை.
அம்பயர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இன்னும் இரண்டு ஆட்டம்.
ஆறு அணியில் ஆறாவது இடம்.
இரண்டிலும் ஜெயித்தால்
ஐந்தாவதாக வரலாம் என்று கணக்குப் போட்டு,
அதுவும் மற்றவர்கள் தோற்றால் என்று அடியில் எழுதி,
தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.
அல்போன்ஸுக்குப் புதன்கிழமை
டிக்கோயா ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்கிறார்கள்.

நேற்று இரவு ரேடியோ சொன்னது:
ஞாயிறன்று மலையகத்தில் நல்ல வெயில்.
விமலேஸ்வரன் ரேடியோவை அணைத்தார்.
சாமான் அறைக்குள் போய்
சோடாப் போத்தலை பல்புக்கு நேரே பிடித்து
ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"இன்னும் கேஸ் இருக்கு" என்றார்.