மூன்றாம் நாள் ஸ்நேர்

மத்தி மீனை டப்பாவில் அடைத்த கூடம் இது,
போர்த்துகலில், மத்தொசீன்யுஷ் துறைமுகத்துக்கு
இரண்டு தெரு தள்ளி.
ஆலை மூடிப் பன்னிரண்டு வருஷம்.
மழை பெய்தால் மட்டும் சுவர் இன்னும்
எண்ணெய் வாடை விடும்.
அந்தச் சுவரில் டெல்மோ
பழைய மெத்தைகளைச் சாத்தியிருக்கிறான்.
நாளொன்றுக்கு நூற்றெண்பது யூரோ.
எங்களுக்குக் கட்டியது மூன்று நாள்.

முதல் நாள் நான் வாசிக்கவே இல்லை.
தட்டினேன்.
ஒரே அடி, ஒரே இடம், நூறு தரம்.
"இன்னொன்று" என்பான் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்.
வந்து மைக்கை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டுப் போவான்.
"இன்னொன்று."
தர்பூசணி வாங்க வந்தவர்கூட
ஒரு பழத்தை இத்தனை சந்தேகிக்கமாட்டார்.

ஸ்நேர் அடித்த பிறகும் அடங்கவில்லை,
கூடம் முழுக்க வாலை இழுத்துக்கொண்டு ஓடியது.
துணி வைத்தோம், செத்தது.
டேப் ஒட்டினோம், மூக்கடைத்தது.
துவார்த்தே பேஸ் கிதாரை மடியில் கிடத்திவிட்டு
பின்பையிலிருந்து பணப்பையை உருவி
தோலின் ஓரத்தில் வைத்தான்.
தப்.
டெல்மோ அன்றைக்கு அப்போதுதான் சிரித்தான்.

இரண்டாம் நாள் ஐந்து பாட்டு.
காதுக்குள் க்ளிக்,
யாரும் எழுந்துபோய் மூடாத குழாய்.
நான்காவதில் வலதுகைக் குச்சி முறிந்தது,
மிச்சத்தோடே முடித்தேன்,
அந்த டேக்தான் நின்றது.

மூன்றாம் நாள் காலை
ஸ்நேர் வேறு யாருடையதோ ஆகியிருந்தது.
அதே தோல், அதே திருகு,
மைக் காலடியில் அதே சிவப்பு டேப்.
அடித்தால் மட்டும் உள்ளே எங்கோ
மெல்லிய கிணுகிணுப்பு.
நேற்றையதையும் இன்றையதையும்
மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டான் டெல்மோ.
காற்றில் ஈரம் என்றாள் நேலியா.
என் மணிக்கட்டாக இருக்கும் என்றேன்.
யாரும் மறுக்கவில்லை.
வலித்தது.
ஹீட்டரை நிறுத்தினோம்.
மெத்தை மேல் தூங்கிய பூனையைக்கூட
வெளியே அனுப்பினோம்.

பதினொன்றரைக்குத் துவார்த்தே
தன் ஷூவைப் பார்த்தபடி சொன்னான்:
"நேற்று ராத்திரி
மூன்று நாள் வாடகையையும் கொடுத்துவிட்டேன்."

எல்லோரும் ஸ்நேரைப் பார்த்தோம்.
ஒன்பது மதுக்கடை, இரண்டு கல்யாணம்,
ஒரு தீயணைப்பு நிலைய விழா.
எல்லாம் ஐந்து யூரோத் தாள், சில்லறை.
அந்தக் கனத்தைத்தான்
எங்கள் ஒலி என்று நினைத்திருந்தோம்.

"சாயங்காலம் வரை கடன் கொடு" என்றாள் நேலியா.
டெல்மோ கைவிரித்தான்.
வந்த வேகத்தில் மின்சாரக் கட்டணத்துக்குப் போயிருந்தது.

பஸ் டிக்கெட்டுகள் திணித்தோம், போதவில்லை.
டெல்மோ மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தான்.
ஒட்டப்படாத மத்தி டப்பா லேபிள்கள், ஒரு கட்டு,
நீலக் கடல், சிவப்பு எழுத்து, மடிப்புக் கலையாமல்.
எண்ணாமல் அடைத்தோம்.
தப்.

ஆறாவது பாட்டுக்குக் க்ளிக் வேண்டாம் என்றேன்.
வழிகாட்டக் காதில் நேலியாவின் குரல் போதும்,
சளி பிடித்திருந்தபோது
மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பாடியது.
டிரம்ஸ் முடிந்ததும் அழித்துவிடுவோம்.
ஏப்ரலில் நல்ல தொண்டையோடு
வேறு அறையில் பாடுவாள்.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
அவள் இருமினாள்.
குச்சியைத் தூக்கியபடி நின்றேன்.
இருமி, மூக்கை உறிஞ்சி,
யாரோ படியேற வழிவிட்டு,
மூச்செடுத்தாள்.
இறங்கினேன்.

"அந்த இடைவெளி?" என்றான் டெல்மோ.
"இருக்கட்டும்."
தலையைச் சாய்த்து மறுபடி கேட்டான்.
நேலியா ஒன்றும் சொல்லாமல்
கைக்குட்டையைத் தேடினாள்.

இருட்டிய பிறகு
வேனில் ஏற்றக் கழற்றினோம்.
துவார்த்தே பணப்பையை எடுத்தான்.
வெள்ளைத் தோலின் ஓரத்தில்
செவ்வகமாக ஓர் இடம்
அடி படாமல் இருந்தது.