பக்கவழி வால்வு

கெமித் துறைமுகம். பிப்ரவரி. மைனஸ் இருபத்தெட்டு.
பனியுடைக்கும் கப்பலின் மேல்தளத்தில்
கோட்டைத் திறந்துபோட்டு நிற்கிறேன்.
என்னிலிருந்து ஆவி பறக்கிறது.
“கொதிகலன் நடந்து வெளியே வந்துவிட்டதா, ரைலா?”
சிரிக்கிறார்கள் பையன்கள்.

ஐம்பத்து மூன்று வயது.
இருபத்தாறு வருடம் இயந்திர அறையில்.
உடம்பைப் பற்றி யோசிக்க
எனக்குக் குழாய்களும் வால்வுகளும்தான் தெரியும்.

முதலில் மாத்திரை.
விழுங்கியது குடலிறங்கி
நேரே கல்லீரலுக்குப் போகிறது.
எந்த எண்ணெயும்
வடிகட்டியைத் தாண்டித்தானே எஞ்சினுக்கு வரும்.
உள்ளே போனது எஸ்ட்ரடையால்.
மறுபக்கம் வந்ததில் பெரும்பங்கு எஸ்ட்ரோன்,
அதன் சோகையான தங்கை.
கல்லீரலும் சும்மா இருப்பதில்லை.
இவ்வளவு ஹார்மோன் ஒரே மூச்சில் வந்தால்
ஏதோ பெரிய விசேஷம் என்று எண்ணி
இரத்தத்தை உறையவைக்கும் சரக்கைக்
கூடுதலாகச் செய்து அனுப்பிவிடுகிறது.

நவம்பரில் என் இடது கெண்டைக்கால் வீங்கியது.
ஸ்கேனில் ஒன்றுமில்லை.
மாத்திரையால்தான் என்று சொல்ல முடியாது, என்றார் டாக்டர் ஹாபாலா,
இல்லையென்றும் சொல்ல முடியாது.
வழியை மாற்றிவிடுவோம்.

பக்கவழி வால்வு, என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

இடுப்புக்குக் கீழே இப்போது
தபால்தலை அளவு ஒட்டுப்பட்டை.
மில்லிகிராம் போய் மைக்ரோகிராம்.
தோல் வழியே, மணிக்கு இத்தனை என்று,
கசிகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு.
கல்லீரலுக்கும் ஒரு பங்கு போகும்,
ஆனால் ஊரோடு ஊராக,
முதல் பந்தி கிடையாது.

சனிக்கிழமை கப்பல் சௌனாவில்,
பெண்கள் முறை,
வியர்வையில் அது கழன்று
பலகையெல்லாம் தேடியும் காணவில்லை.
கடைசியில் இரண்டாம் சமையல்காரி வியேனோவின்
குதிகாலில் ஒட்டியிருந்தது.
உரித்துக் கையில் கொடுத்தாள்:
“வேண்டாம் அக்கா, நான் என் பங்கை
காலையிலேயே பூசிவிட்டேன்.”

அப்படித்தான் தெரிந்தது.
அவளுக்கு ஜெல்.
தொடையில் தேய்த்துக் காயும்வரை
ஐந்து நிமிடம் கேபினில் கொக்காட்டம் நிற்பாளாம்,
பூனை மடியேறாமல் விரட்டிக்கொண்டு.
இருபாலுக்கும் இடுகிற பெயர்தான் அவளுடையது.
மாற்றாமலே வைத்துக்கொண்டாள்,
அதை மட்டும்.

அதற்கு முன் வால்பரைசோவில்,
சரக்குக் கப்பலில் இருந்தபோது, ஊசி.
தசைக்குள் ஒரு சின்ன எண்ணெய்க் குட்டை.
பேரிங்கில் அடைத்த கிரீஸ் போல
மெதுவாக விட்டுக்கொடுக்கும்.
“இரண்டாம் நாள் நான் ராணி,
ஏழாம் நாள் வெங்காயம் நறுக்காமலே அழுவேன்.
ஆனாலும் வெங்காயத்தைத்தான் திட்டுவேன்.”

என்னைவிட்டு இறங்கிப் போனது
அவளுக்கு வந்து சேருகிறது, என்று
அழகாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
“தண்ணீர் ஊற்று, கல் ஆறுகிறது” என்றாள்.

ஊலுவிலிருந்து இரத்தப் பரிசோதனை வந்தது.
அவளுடைய எண் இருநூற்றைம்பது,
இன்னும் வேண்டுமாம்.
என்னுடையது நூற்றெண்பது, எனக்குப் போதும்.
சமையலறை மேஜையில் இரண்டு தாள்களையும்
காபிக் கறையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப்
பள்ளிப்பிள்ளைகள் போல மார்க் ஒப்பிட்டோம்.

இரவு, எண்ணெய்க் கப்பல் ஒன்று
எங்கள் பின்னால் வந்தது.
நாங்கள் வெட்டிய கருநீர்ப் பாதை
அது கடந்ததும் தோல் கட்டத் தொடங்கியது.
விடிவதற்குள் மூடிவிடும்.
கேப்டனுக்கு அதில் வருத்தமில்லை,
நாளைக்கும் இதே பாதை.

எனக்கு வியாழன், ஞாயிறு.
அவளுக்குத் தினமும்,
பூனை எழுவதற்கு முன்.