நூற்றேழு

காவேரிப்பட்டணம் சாலையில் ஒரு கூழ் ஆலை.
மாம்பழத்தின் இனிப்பை அளப்பது என் வேலை.
கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு
வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் கோடு தெரியும்.
அது நிற்கும் எண்தான் பிரிக்ஸ்.
பெங்களூராவுக்குப் பதினான்கு வேண்டும்.
பதின்மூன்று புள்ளி எட்டு என்றால்
லாரியோடு வந்தவர் முகத்தை
நான் பார்ப்பதில்லை.

இன்று காலை ரவுண்டானா லேபில்
என்னைச் சொட்டெடுத்த ஷாஜிதாவும்
முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்:
"நூத்தியேழு. பார்டர்ல இருக்குக்கா."

பார்டர்.
அண்ணி குப்பத்துக்காரி, தங்கையைக் கொடுத்தது ஆனேக்கல்லில்.
பண்டிகைக்கு வீட்டில் மூன்று மொழியில் சண்டை நடக்கும்.
பஸ்ஸில் தூங்கியபடியே எத்தனை முறை எல்லை தாண்டியிருக்கிறேன்.
கடைப் பலகையில் எழுத்து மாறும்,
ராகி வயல் அப்படியே வரும்.
எந்த மரத்தோடு முடிந்தது நம் மாவட்டம் என்று
கண்டக்டரைக் கேட்டால் சிரிப்பார்.

வயது நாற்பத்திரண்டு. எடை ஐம்பத்தாறு.
டீயில் சர்க்கரையை விட்டு ஆறு வருஷம்.
மாம்பழமா? சீசன் முழுக்க
தலைமுடிவரை அந்த வாசம்.
நாக்கில் வைக்கவே குமட்டும்.
பிறகு எந்த வழியாக வந்தது
நூறு தாண்டிய இந்த ஏழு?

டாக்டர் ஹேமாவதி பேனா மூடியைக் கடித்தபடி சொன்னார்:
ஒரு கணக்கில் கோடு நூறு,
இன்னொரு கணக்கில் நூற்றிப்பத்து,
நீங்கள் இரண்டுக்கும் நடுவே.
நோய் என்று சொல்ல மாட்டேன்.
ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன்.
மூன்று மாதச் சராசரி ஒன்று பார்ப்போம்.
வீட்டில் யாருக்காவது இருந்ததா?

இல்லை என்றேன்.
படி இறங்கும்போதுதான் அப்பாவின் கால்விரல் ஞாபகம் வந்தது.
குவாரிக் கல் பட்ட புண்.
எட்டு மாதம் ஆறவில்லை.
கல்லைத்தான் திட்டினோம் எல்லோரும்.
அவர் ரத்தத்தை ஒருவரும் அளந்ததில்லை.

மதியத்துக்குள் செய்தி பரவி
வெந்தயம், நாவல்கொட்டை, ஆவாரம்பூ எல்லாம்
என் மேசைக்கு வந்துவிட்டன.
சித்தராஜ் போனிலேயே சோறு பாதி என்று தீர்ப்பெழுதினான்.
அவன் தொப்பைக்கு இதுவரை டெஸ்ட் எடுத்ததில்லை.

எனக்குத் தெரிந்தது அளவைதான்.
கோடு பழத்துக்குள் இல்லை, வாங்குகிறவர் காகிதத்தில் இருக்கிறது.
ஒருவர் பதினான்கு கேட்பார், ஒருவர் பதினைந்து.
ஆனால் காகிதம் சும்மா எழுதினதும் அல்ல.
இளசான கூழை ஒப்புக்கொண்ட வருஷம்
பட்ட நஷ்டம் அதில் இருக்கிறது.
ஒரு சொட்டை வைத்து லாரியை நான் தீர்மானித்ததே இல்லை.
மேல் கூடை, நடுக் கூடை, அடிக் கூடை.
முதலில் சுத்தத் தண்ணீர் வைத்து சைபர் பார்ப்பேன்.
இருபது டிகிரிக்குத் திருத்தம் போடுவேன்.
என்னை எத்தனை டிகிரியில் அளந்தார்கள்?
நைட் ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரத் தூக்கம்,
முந்தின ராத்திரி கேன்டீன் பரோட்டா,
மகளின் காலேஜ் பீஸ்.
இவற்றுக்கெல்லாம் எங்கே திருத்தம்?

சாயங்காலம் போச்சம்பள்ளித் திம்மராயன் லாரி.
மூன்று கூடையிலும் பார்த்தேன். பதின்மூன்று புள்ளி எட்டு.
தலையை நிமிர்த்தினேன்.
காதோரம் நரைத்து, பல் ஒன்று உடைந்த முகம்.
ஆறு சீசனாக வருகிறாராம்.
"திருப்ப வேண்டாம். நிழல்ல இறக்குங்க.
ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பார்க்கலாம்."
"ஏறுமாம்மா?"
"வச்சிருந்தா ஏறும்" என்றேன்,
சொன்ன வாய்க்குள் என் எண் கசந்தது.
மாங்காய்க்கு நல்லது செய்கிற காத்திருப்பு
எனக்கு என்ன செய்யுமோ.

நோட்டில் எழுதினேன்: நிறுத்திவைப்பு. மறு அளவு.
கண்ணாடியைத் துடைத்தேன்.
ஆலை பஸ் ஹாரன் அடித்தது.
டிரைவரிடம் கை காட்டினேன், போகச் சொல்லி.
அணைப் பிரிவுவரை இரண்டு கிலோமீட்டர்.
செருப்பு வார் கொஞ்சம் கடித்தது.