பாதி மைதானம்

நான்காம் மாடி, சமையலறை ஜன்னல்.
இங்கிருந்து வடக்குக் கோல் கம்பம் மட்டும்தான் தெரியும்.
மிச்சத்தை மரக்கூரை போட்ட பார்வையாளர் மேடை மறைத்திருந்தது.

எழுபத்தொரு வருஷம்
லியேபாயா நகரத்து ஆட்டங்களில்
பாதியைக் கண்ணாலும் பாதியைக் காதாலும் பார்த்தவள் நான்,
ஸ்கைத்ரீத்தே.
மறுபக்கம் விழுந்தது கோலா இல்லையா,
கூச்சலின் நீளத்தை வைத்தே சொல்வேன்.
பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நாங்கள் குடிவந்த கோடையில் ஆட்டமே இல்லை.
பெனால்டி கட்டத்துக்குள் உருளைக்கிழங்கு.
கோல்கீப்பர் அர்வீத்ஸ்தான் காவல்,
கையுறை மாட்டிக்கொண்டு காக்கை விரட்டுவான்.
அப்புறம் புல் போட்டார்கள்.
ஆனாலும் ஏழெட்டு வருஷம்
கார்னர் கொடியோரம் கிழங்குச் செடி தலைகாட்டும்,
நடுவர் ஆட்டத்தை நிறுத்திப் பிடுங்கிப் போடுவார்.

பனிக்காலத்தில் தண்ணீர் பாய்ச்சி உறையவிடுவார்கள்.
கீழ்வீட்டு மில்தா சறுக்கிக்கொண்டே
மேடைக்குப் பின்னால் மறைவாள்.
எண்ணுவேன்.
பன்னிரண்டில் திரும்பி வருவாள்.

எட்டு வயதில், ஒரு மார்ச் இரவு,
அந்தப் பக்கம் லாரிகள் வந்து நின்றன.
இன்ஜின்கள் அணையவில்லை.
கூச்சல் இல்லை, அதனால் எதுவும் சொல்லத் தெரியவில்லை.
நூறு வரை எண்ணித் தூங்கிப்போனேன்.
காலையில் மூன்றாம் மாடிக் கதவு திறந்து கிடந்தது,
வாசலில் அவள் ஸ்கேட் காலணி,
கயிறு முடிச்சவிழ்க்காமல்.

போன வாரம் மேடையை இடித்தார்கள்.
சூப்பர்மார்க்கெட் வருகிறதாம்.
தூசி அடங்கியதும் ஜன்னலைத் திறந்தேன்.

தெற்குக் கோல் கம்பம்.
அதே வெள்ளை, அதே துரு,
கொஞ்சம் கடல் பக்கம் சாய்ந்து.
பின்னால் ஒரு சின்னத் தெரு,
லாரி திரும்பும் அளவுக்கு அகலம்.