தனி மீட்டர்

ஒன்பது ஆடியோ ஃபைல்கள். கூட ஒரு வணக்கம்கூட இல்லை.
மூன்று வருடம் கழித்து ரூபாவதி அனுப்பியிருந்தாள்,
ராத்திரி இரண்டே காலுக்கு.

அஸ்தம்பட்டியில் பஸ் ஏறியபிறகுதான் பார்த்தேன்.
காலடியில் லாட்ஜுக்கு வாங்கிய பாமாயில் டின்,
மடியில் நாற்பது தலையணை உறை.
அடிவாரம் வந்ததும் முதலாவதைப் போட்டேன்.

முதலில் பாட்டே இல்லை.
கீழ்வீட்டில் கொலுசுக்கு மெருகேற்றும் மெஷின் ஓடுகிறது.
அது நிற்கட்டும் என்று காத்திருக்கிறாள்.
நிற்கவில்லை.
"சரி, நீயும் வா" என்கிறாள் மெஷினிடம்,
பாட ஆரம்பிக்கிறாள்.

செவ்வாய்ப்பேட்டை மாடியறை.
கிடாரில் இன்னும் அதே ஐந்து கம்பி.
ஆறாவது அறுந்தது கோடை விழா மேடையில்.
மாற்றிவிடலாமே என்றேன்.
இல்லாத கம்பிக்குச் சுருதி விலகாது என்றாள்.
சண்டை அங்கே ஆரம்பம்.
அப்போது எங்கள் பெயர் கொண்டை ஊசி.
எல்லாரும் மலைப்பாதை என்றே நினைத்தார்கள்.
அவள் வைத்தது காது குடையும் ஊசியை.

இரண்டாவது, வீட்டு ஓனருக்கு.
தனி மீட்டர் கேட்டு எழுதிய கடிதத்தை
ஐயா வணக்கம் தொடங்கி இப்படிக்கு வரை
அப்படியே பாடியிருக்கிறாள்.
யூனிட்டுக்குப் பதினோரு ரூபாய் என்ற இடத்தில்
குரல் மேலே போய், எட்டாமல்,
கிறீச்சிட்டு, சிரித்து, இறங்கி வருகிறது.
வெட்டியிருக்கலாம்.

மூன்றாவதில் கரண்ட் போகிறது.
ஃபேன் இறங்கி இறங்கி அடங்க
இருட்டிலேயே தொடர்கிறாள், கொஞ்சம் மெதுவாக,
பக்கத்தில் யாரோ தூங்குவது போல.
அந்த இடத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
எட்டாம் வளைவுப் பலகைமேல் ஒரு குரங்கு
தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தது.

நாலாவது சிக்னல் இல்லாமல் சுற்றியது.
பஸ்ஸும் சுற்றியது.
முன்சீட்டுப் பெண்ணுக்கு எலுமிச்சம்பழம் கேட்டார்கள்.
நான் என் பாட்டுக்குக் காத்திருந்தேன்,
இரண்டு அர்த்தத்திலும்.

இருக்கும். திட்டியாவது இருக்கும்.
பிரிந்து போய்த் தனியாகப் பாடுகிறவள்
கூட இருந்தவனை நாலு வரி கேட்காமலா விடுவாள்?

மேலே போகப்போக டவர் கிடைத்தது.
ஐந்தாவது, தட்டுவடை செட் போடுகிறவரின் மகள்
இரண்டாம் தடவை நீட் எழுதியது.
ஏழாவது, ஜவ்வரிசி மில் கணக்கில் உதைக்கிற எண்பது ரூபாய்,
அதை யார் தலையில் கட்டுவது என்பது.
எட்டாவதில் ஜங்ஷன் அறிவிப்பு மட்டும்.
வண்டி தாமதமாம். வருந்துகிறார்களாம்.
வருந்துகிறோம் என்ற சொல்லை மட்டும்
அவளும் சேர்ந்து சொல்கிறாள்.

ஆறாவதைத் தாண்டிப் போனேன், வேண்டுமென்றே.

அது பழைய ஃபைல். எங்கள் ஒத்திகை.
தகரத்தில் மழை. அவள் வாயெடுக்கிற நேரம்
ஒருவன் இருமுகிறான்,
நெஞ்சிலிருந்து, மூன்று தரம்,
ஏற்காட்டு டிசம்பர் முழுவதையும்.
"முடிச்சியா?" என்கிறாள்.
நாற்பது நொடி. அவ்வளவுதான் பாட்டு.

ஒன்பதாவதின் கடைசியில் பெயர் வாசிக்கிறாள்.
எழுத்து, குரல், ஐந்து கம்பி: ரூபாவதி.
மெஷின்: கீழ்வீட்டுக் குப்பண்ணன்.
இருமல்: சந்தியாகு.

ஏரிப்பக்கம் இறங்கினேன். டின் கனத்தது.
நல்லா இருக்கு என்று தட்டி, அழித்தேன்.
கம்பி மாத்து என்று தட்டி, அதையும்.
மைக்கை அழுத்திப் பிடித்தேன்.
இருமல் வேண்டும்போது வராது.
பதினோரு நொடிக்கு ஒரு பெடல் படகின் கிறீச்,
யாரோ யாரையோ பஜ்ஜிக்குக் கூப்பிடுவது.
விரல் நழுவி
அப்படியே போய்விட்டது.